கழிவுநீர் என்று தெரிந்திருந்தால் குளித்திருப்பாயா?

நண்பன் ஒருவன் ஐஸ்லாந்து போய்விட்டு வந்தான். வந்த கையோடு படம் காட்ட ஆரம்பித்துவிட்டான், அதில் பாதிக்கு மேல் ஒரே இடம்தான். பால் கலந்தது போன்ற வெளிர்நீலத் தண்ணீர், சுற்றிலும் கரிக்கட்டை மாதிரி எரிமலைப் பாறை, மேலே மிதக்கும் ஆவி, நடுவில் முகமெல்லாம் வெள்ளைச் சேறு பூசிக்கொண்டு இவன். ப்ளூ லகூன். "இயற்கை ஊத்துடா, பூமிக்குள்ள இருந்து நேரா வருது" என்றான்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "ஊத்தும் இல்ல, இயற்கையும் இல்ல. பக்கத்துல ஒரு மின்நிலையம் இருக்கு, அது வேலை முடிச்சு வெளிய விட்ட தண்ணிதான் இது" என்று சொல்லித் தொலைத்தேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும், சேறு பூசாமலே வெளுத்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். ஓரத்தில் நீராவி விடும் புகைபோக்கியின் நுனி கொஞ்சமாகத் தெரிந்தது; மிச்சத்தை, அழகைக் கெடுக்கிறது என்று அவனே வெட்டியிருந்தான்.

"அப்போ நான் கழிவுநீர்லயா குளிச்சேன்?"

அந்தக் கேள்வி எனக்குள் ரொம்ப நாள் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. ஒரு மின்நிலையத்துக்குப் பக்கத்தில், அதன் தண்ணீரிலேயே, கழுத்துவரை முங்கி உட்கார்ந்து, அதற்காகச் சந்தோஷமாகப் பணமும் கொடுத்துவிட்டு வருகிறார்கள் மனிதர்கள். வேறு எந்த மின்நிலையத்துக்காவது இந்த யோகம் உண்டா? அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தில் யாராவது குளிக்கப் போவார்களா? பூமிக்கடியில் இருக்கும் சூட்டிலிருந்து எடுக்கும் புவிவெப்ப மின்சாரத்துக்கு மட்டும் எப்படி இது வாய்த்தது, அது நிஜமாகவே மக்களின் சம்மதத்தைக் கொண்டுவருகிறதா, அல்லது அழகான படம் மட்டும்தானா என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். தோண்டத் தோண்ட, நான் முதலில் நினைத்ததற்கு நேர்மாறான ஒன்றும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ப்ளூ லகூன் கதை. ஸ்வார்ட்செங்கி என்ற இடத்தில் 1976-இல் புவிவெப்ப நிலையம் ஓடத் தொடங்கியது. அது இருப்பது ஒரு தீபகற்பம், அதனால் பாறை இடுக்குகள் வழியாகக் கடல்நீரும் கீழே இறங்குகிறது, மழைநீரும் இறங்குகிறது. ஆழத்தில் இரண்டும் கலந்து 240 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகிக் கிடக்கிறது. அதைக் கிணறு போட்டு மேலே எடுத்தால் அழுத்தம் குறைந்து ஒரு பகுதி நீராவியாகிவிடும். அந்த நீராவி மின்சாரம் எடுக்கும் டர்பைன் என்ற சுழலியைச் சுற்றுகிறது, கூடவே பக்கத்து ஊர்களின் வீடுகளுக்குப் போகும் நல்ல தண்ணீரையும் சூடாக்கிக் கொடுக்கிறது. மிஞ்சுவது உப்பும், மணலில் இருக்கும் அதே பொருளான சிலிக்காவும் நிறைந்த தண்ணீர். அதைப் பக்கத்து எரிமலைப் பாறை வெளியில் விட்டார்கள். பாறை முழுக்கத் துளை, தண்ணீர் தானாக வடிந்து போய்விடும் என்பது கணக்கு. ஆனால் ஆறும்போது சிலிக்கா வெள்ளைச் சேறாகப் படியும். படிந்து படிந்து பாறையின் துளைகளை அடைத்துவிட்டது. தண்ணீர் போக வழியில்லாமல் குளமாகத் தேங்கியது. சுருக்கமாகச் சொன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்! அந்த நீலம்கூட தண்ணீரில் மிதக்கும் சிலிக்காத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது.

1981-இல் சொரியாசிஸ் என்ற தோல் நோய் இருந்த ஒருவர் அதில் இறங்கிக் குளித்துப் பார்த்தார், தோலுக்கு இதமாக இருக்கிறது என்றார். செய்தி பரவியது. 1987-இல் பொதுமக்கள் குளிக்க வசதி வந்தது, 1992-இல் தனி நிறுவனம், 1999-இல் குளம் இப்போதைய இடத்துக்கு மாறியது. இன்றைக்கு அந்த நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம் பேர் ஆண்டுதோறும் அங்கே போகிறார்கள். சுற்றுலாத் துறைக்காரர் யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த திட்டம் இல்லை இது.

ஆனால் ஐஸ்லாந்துக்காரர்கள் புவிவெப்பத்தை ஏற்றுக்கொண்டது ப்ளூ லகூனைப் பார்த்து என்று நினைத்தால் தவறு. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த உறவு தொடங்கிவிட்டது. ரெய்க்யவிக் நகரத்துப் பெண்கள் துணி துவைக்கப் போன வெந்நீர் ஊற்றுகள் ஊருக்கு 3 கிலோமீட்டர் தள்ளி இருந்தன. 1930-இல் அங்கிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தபோது முதலில் சூடு கிடைத்தது பள்ளிக்கூடத்துக்கு, மருத்துவமனைக்கு, நீச்சல் குளத்துக்கு, அப்புறம் அறுபது எழுபது வீடுகளுக்கு. யாருக்கு முதலில் கொடுத்தார்கள் பாருங்கள். இன்று பத்தில் ஒன்பது வீடுகள் இந்த வெப்பத்தில்தான் இருக்கின்றன, ஊருக்கு ஊர் வெந்நீர்க் குளம் உண்டு, குளிரில் நடுங்கும் பிள்ளைகள் நீச்சல் பழகுவது அதில்தான். இப்படி வளர்ந்த ஒருவரிடம் போய் 'புவிவெப்ப ஆற்றலை ஆதரிக்கிறீர்களா' என்று கருத்துக்கணிப்பு எடுத்தால், 'தண்ணீரை ஆதரிக்கிறீர்களா' என்று கேட்டது போல விழிப்பார்.

மற்ற நாடுகளில் நிலைமை இப்படி இல்லை. காற்றாலை என்றால் கண்ணுக்குத் தெரியும், பிடிக்காவிட்டாலும் என்ன என்று புரியும். சூரியத் தகடும் அப்படித்தான். புவிவெப்பம் நடப்பதோ இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில். மேலே தெரிவது ஒரு துளையிடும் கோபுரம், சில குழாய்கள், சில நேரம் அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. காலுக்குக் கீழே யாரோ எதையோ செய்கிறார்கள் என்ற எண்ணமே மனிதனுக்கு ஆகாது. இங்கேதான் குளம் உதவுகிறது. ஆயிரம் பக்க அறிக்கை புரிய வைக்காததை, வெந்நீரில் கால் வைத்த மறு நொடி தோல் புரிந்துகொள்கிறது: சரி, கீழே சூடு இருக்கிறது, அது மேலே வருகிறது, அதில் எனக்கும் பங்கு உண்டு.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட இடங்கள் பல. அலாஸ்காவில் செனா என்ற வெந்நீர் ஊற்று விடுதி இருக்கிறது. மின்கம்பி எட்டாத தொலைவு, டீசல் ஜெனரேட்டரில்தான் காலம் தள்ளினார்கள். அவர்களிடம் இருந்த தண்ணீர் வெறும் 74 டிகிரி, மின்சாரத்துக்கு இதெல்லாம் போதாது என்று எல்லோரும் சொல்லும் சூடு. 2006-இல் பைனரி முறையில் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துவிட்டார்கள். பைனரி என்றால் பெரிய மந்திரம் இல்லை: வெந்நீர் தன் சூட்டை, தண்ணீரைவிடச் சீக்கிரம் கொதிக்கும் வேறு ஒரு திரவத்துக்குக் கொடுக்கும், அந்தத் திரவத்தின் ஆவி டர்பைனைச் சுற்றும். இந்த வெந்நீரை வைத்து அவர்கள் செய்யும் வேடிக்கையான வேலை ஒன்றும் உண்டு, கோடையிலும் உருகாத பனிக்கட்டி அருங்காட்சியகம் ஒன்றைக் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். சூட்டை வைத்துப் பனியைக் காப்பது! அங்கே குளிக்க வருகிறவர்கள் மின்நிலையத்தையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஜெர்மனியின் எர்டிங் கதை இன்னும் சுவாரஸ்யம். 1983-இல் எண்ணெய் தேடித் துளை போட்டார்கள். எண்ணெய் வரவில்லை, 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்திலிருந்து 65 டிகிரியில் கந்தக வாடையுள்ள வெந்நீர் வந்தது. எண்ணெய்க்காரருக்கு ஏமாற்றம், ஊருக்கு அதிர்ஷ்டம். 1990-களின் கடைசியில் ஊருக்குள் வீடுகளைச் சூடாக்கும் குழாய்த்தொடரும் வந்தது, மிகப்பெரிய வெந்நீர்க் குளியல் வளாகமும் வந்தது. வீடுகளுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறிய தண்ணீர் குளியலுக்கு. எனக்கு இந்த வரிசைதான் பிடித்திருக்கிறது. 200 டிகிரியில் மின்சாரம், நூறுக்குக் கீழே வந்தால் வீட்டுச் சூடு, இன்னும் இறங்கினால் பசுமைக்குடில், நாற்பதுக்கு வந்தால் மனிதன், அதற்கும் கீழே மீன். புடாபெஸ்டில் செச்செனி குளியலகத்தின் வெந்நீர் பக்கத்திலேயே இருக்கும் விலங்குக்காட்சி சாலைக்கும் போகிறது, அங்கே நீர்யானைகள் அதில் சொகுசாகக் கிடக்கின்றன. சம்மதம் கேட்டால் முதலில் கை தூக்கும் ஜீவன்கள் அவைதான் என்று நினைக்கிறேன்.

இதுவரை படித்தால் விடை எளிது போலத் தெரியும்: குளம் கட்டு, சுற்றுலா வளர்த்துவிடு, எதிர்ப்பு கரைந்துவிடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் ஜப்பானைப் படித்தேன்.

புவிவெப்ப வளத்தில் அமெரிக்கா, இந்தோனேசியாவுக்கு அடுத்து மூன்றாவது இடம் ஜப்பானுக்கு. சுமார் 23,000 மெகாவாட் எடுக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நிறுவியிருப்பது சுமார் 600 மெகாவாட்தான். புவிவெப்ப டர்பைன் செய்யும் உலகின் பெரிய நிறுவனங்கள் அந்த நாட்டுக்காரர்கள்தான், உலகத்துக்கே செய்து கொடுக்கிறார்கள், சொந்த வீட்டில் மட்டும் அடுப்பு எரியவில்லை. வளத்தின் பெரும்பகுதி தேசியப் பூங்காக்களுக்குள் இருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பிடிவாதமாக, பல பத்தாண்டுகளாக எதிர்த்து நிற்பவர்கள் யார் தெரியுமா? வெந்நீர்க் குளியல் விடுதிக்காரர்கள். ஒன்சென் என்று அவர்கள் சொல்லும் அந்த ஊற்றுகளை நம்பித்தான் ஊர் ஊராக விடுதிகள் தலைமுறை தலைமுறையாக நடக்கின்றன. 'நீங்கள் ஆழத்தில் உறிஞ்சினால் எங்கள் ஊற்று வற்றும்' என்பது அவர்கள் வாதம். குசத்சு என்ற புகழ்பெற்ற ஊற்று நகரம், பக்கத்து ஊரில் வரவிருந்த திட்டத்தையே எதிர்த்து நின்றது.

அதாவது எந்தக் குளம் புவிவெப்பத்துக்கு நண்பன் என்று நான் நினைத்தேனோ, அதே குளம்தான் எதிரி. இதில் ஒரு நகைமுரண் வேறு. ஜப்பானில் நிலத்தடி நீராவியிலிருந்து முதன்முதலில் மின்சாரம் எடுத்துப் பார்த்தது 1925-இல், பெப்புவில். ஒரு கிலோவாட்டுக்குச் சற்று அதிகம், சில விளக்குகள் எரியும். பெப்பு எது? ஜப்பானிலேயே அதிக ஊற்றுகள் உள்ள, 2,000-க்கும் மேற்பட்ட ஊற்றுக்கண்கள் உள்ள குளியல் நகரம். அங்கே ஒரு பெரிய விடுதி தன் சொந்தக் கிணற்று நீராவியில் தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. ஆக, அவர்களின் சண்டை நீராவியோடு இல்லை. என் அடுப்பில் நான் சமைக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரன் வந்து விறகை எடுத்துப் போனால்தான் கோபம்.

பயம் நியாயமா? பாதி நியாயம். பொதுவாக மின்நிலையத்துக்கான நீர்த்தேக்கம் ஆழத்தில், களிமண் போல இறுகிய ஒரு மூடிப் பாறைக்குக் கீழே இருக்கும். குளியல் ஊற்று மேலே இருக்கும். இரண்டுக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம், விரிசல் வழியாக இருக்கவும் இருக்கலாம், ஒவ்வோர் இடத்துக்கும் அது வேறு. எடுத்த தண்ணீரைத் திரும்பக் கீழே செலுத்திவிட்டால் அழுத்தம் பெரும்பாலும் காப்பாற்றப்படும். இது இன்று பாடம். ஆனால் நியூசிலாந்தில் இந்தப் பாடத்தைப் படித்த விதம் கொடூரமானது. வைராக்கெய் நிலையம் 1958-இல் தொடங்கியது, நீராவியோடு வெந்நீரும் சேர்ந்து வரும் நிலப்பகுதியில் (இதைத்தான் வயல் என்கிறார்கள்) உலகில் முதல் பெரிய மின்நிலையம் அது. பக்கத்தில் வெந்நீர் பீறிட்டு அடிக்கும் பள்ளத்தாக்கு ஒன்று, சுற்றுலாப் பயணிகள் கூடும் இடமாக இருந்தது. எடுத்த தண்ணீரைத் திரும்பச் செலுத்தவில்லை. சில ஆண்டுகளில் பீறிடும் ஊற்றுகள் ஒவ்வொன்றாக அடங்கிப் போயின, நிலமும் சில இடங்களில் மீட்டர் கணக்கில் தாழ்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அழுத்தம் குறைந்ததால் வேறொரு பக்கத்தில் நீராவி அதிகமாகக் கிளம்பி, 'நிலாவின் பள்ளங்கள்' என்ற பெயரில் இன்று அதுவே ஒரு சுற்றுலாத் தலமாகிவிட்டது. ஒரு கையால் பிடுங்கி மறு கையால் கொடுத்த மாதிரி. செத்துப்போன ஊற்றுகளுக்கு அது ஈடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காகக் குளியல்காரர்களெல்லாம் அப்பாவிகள் என்றும் நினைக்க வேண்டாம். அதே நாட்டில் ரோட்டோருவா நகரத்தில் ஊற்றுகள் தளர்ந்துபோனதற்குக் காரணம் எந்த மின்நிலையமும் இல்லை. வீடுகளும் விடுதிகளும் சூடேற்றவும் குளிக்கவும் ஆளாளுக்குப் போட்டுக்கொண்ட கிணறுகள்தான். 1986-87-இல் அரசு உள்ளே புகுந்து, பொஹுட்டு என்ற பெரிய ஊற்றிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்த கிணறுகளையெல்லாம் மூடவைத்தது. ஊர் கொதித்தது. ஆனால் அழுத்தம் ஏறியது, ஊற்றுகள் மெல்லத் திரும்பின. துருக்கியின் பாமுக்கலேயில் அந்த வெண்பஞ்சுப் படிக்கட்டுகளின் தலைமாட்டிலேயே விடுதிகளைக் கட்டி, வெந்நீரைத் தங்கள் குளங்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். படிக்கட்டுகள் பழுப்பேறின, கடைசியில் விடுதிகளை இடிக்க வேண்டியிருந்தது. அழகைப் பார்க்க வந்தவர்களுக்கு வசதி செய்கிறேன் என்று அழகையே குடித்துவிட்டார்கள்.

சுற்றுலா ஒரு திட்டத்தை ஒரே நாளில் கவிழ்க்கவும் செய்யும். சிலியில் எல் டாட்டியோ, 4,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் விடியற்காலையில் ஊற்றுகள் ஆவி கக்கும் இடம், உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். 2009-இல் அங்கே சோதனைக் கிணறு ஒன்று கட்டுப்பாட்டை மீறி, சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு நீராவியைக் கக்கத் தொடங்கியது, வாரக்கணக்கில் அடங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையில் எல்லாம் கேமரா. திட்டம் அத்தோடு முடிந்தது. தென் அமெரிக்காவின் முதல் பெரிய புவிவெப்ப மின்நிலையம் 2017-இல்தான், அதே நாட்டில், அந்த ஊற்றுகளை விட்டுத் தள்ளி வேறொரு இடத்தில் வந்தது.

இவ்வளவையும் படித்துக் குழம்பிப்போய் இருந்தபோதுதான் ஜப்பானிலேயே இரண்டு சின்ன ஊர்களின் கதை கிடைத்தது. இந்த விஷயத்தில் எனக்கு ஏதாவது தெளிவு இருக்கிறது என்றால் அது இவர்கள் கொடுத்ததுதான்.

முதலாவது, குமமோட்டோ மாகாணத்தில் ஒகுனி என்ற ஊரின் வைத்தா பகுதி. தரையில் எங்கு பார்த்தாலும் ஆவி. 1990-களில் வெளியிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் மின்நிலையம் கட்ட வந்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது, உறவுக்காரர்களே ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்கு. திட்டம் கைவிடப்பட்டது. அப்புறம் 2011-இல் அதே மக்கள், சுமார் முப்பது குடும்பங்கள், தாங்களே ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். கட்டுவதையும் நடத்துவதையும் தெரிந்த ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு, உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். 2014-இலிருந்து சுமார் 2 மெகாவாட் நிலையம் ஓடுகிறது, வருமானத்தில் ஒரு பங்கு ஊருக்கு. ஆவி மாறவில்லை, பாறை மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. கையெழுத்துப் போடும் கை மட்டும் மாறியது.

இரண்டாவது, ஃபுகுஷிமாவில் சுச்சியு என்ற குளியல் ஊர். 2011 நிலநடுக்கத்துக்கும் அணுமின் நிலைய விபத்துக்கும் பிறகு வாடிக்கையாளர் வரத்து நின்றது, பல விடுதிகள் மூடப்பட்டன. அந்த ஊரின் கிணற்றில் வருவது 130 டிகிரி. அதில் மனிதன் குளிக்க முடியாது, குளிர்ந்த தண்ணீர் கலந்துதான் விடுவார்கள். இத்தனை காலமும் அந்த இடைப்பட்ட சூடு வீணாகப் போய்க்கொண்டிருந்தது. 2015-இல் 400 கிலோவாட் அளவில் ஒரு பைனரி நிலையம் வைத்தார்கள். சூட்டை அது எடுத்துக்கொள்கிறது, தண்ணீர் மறுபடி குளியலுக்கே வருகிறது. ஊற்றுக்கு ஒரு சொட்டு நஷ்டமில்லை. கூடவே அந்த வெந்நீரில் பெரிய நன்னீர் இறால் வளர்க்கிறார்கள், வருகிறவர்கள் தூண்டில் போட்டுப் பிடித்து அங்கேயே சுட்டுச் சாப்பிடலாம். இதைச் செய்தது வெளியாள் இல்லை, குளியல் விடுதி நடத்தியவர்களே.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. குளத்தை ஏதோ விளம்பரப் பலகை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தோம், 'பாருங்கள் எவ்வளவு சுத்தம், வந்து குளியுங்கள்' என்று. உண்மையில் குளத்தோடு வாழ்கிறவர்தான் அந்த ஊரின் மிக நுட்பமான அளவுமானி. தினமும் விடியற்காலையில் தொட்டியில் கை விட்டுப் பார்க்கும் விடுதிக்காரருக்கு, தண்ணீர் ஒரு டிகிரி குறைந்தாலும், குழாயில் வரத்து கொஞ்சம் மெலிந்தாலும், வாடை மாறினாலும், எந்தப் பொறியாளருக்கும் முன்னால் தெரிந்துவிடும். அவரை 'எதிர்ப்பாளர்' என்று பட்டியல் போட்டு ஒதுக்குவது எவ்வளவு முட்டாள்தனம்! கிணறு தோண்டுவதற்கு முன்பே, ஓரிரண்டு ஆண்டுகள், அவர் ஊற்றின் சூடும் வரத்தும் ரசாயனமும் பதிவாகியிருந்தால், பிறகு ஏதாவது மாறும்போது அது மழை குறைந்ததாலா, மின்நிலையத்தாலா, பக்கத்து விடுதி புதுக்கிணறு போட்டதாலா என்று பேசவாவது ஓர் அடிப்படை இருக்கும். அது இல்லாத ஊரில் ஆளுக்கொரு கதைதான் ஓடும், கம்பெனிக்காரர் கதையை யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று. குளம் எதையெல்லாம் சரிசெய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் 2006 டிசம்பரில், 5 கிலோமீட்டர் ஆழத்துச் சூடான பாறைக்குள் அழுத்தமாகத் தண்ணீரைச் செலுத்தியபோது 3.4 அளவில் நில அதிர்வு வந்தது. சுவர்களில் விரிசல், இழப்பீடு பல மில்லியன் பிராங்க், திட்டம் நிரந்தரமாக நின்றது. தென் கொரியாவின் போஹாங்கில் 2017-இல் வந்த 5.4 அளவு நிலநடுக்கத்தை அதே மாதிரியான திட்டம்தான் தூண்டியது என்று அரசு அமைத்த குழுவே 2019-இல் சொன்னது. ஜெர்மனியின் ஸ்டௌஃபனில் 2007-இல் நடந்தது வேறு கதை. நகர மண்டபத்தைச் சூடாக்க 140 மீட்டர் அளவில் சில துளைகள் போட்டார்கள், நிலத்தடி நீர் கீழே இருந்த அன்ஹைட்ரைட் என்ற கனிம அடுக்குக்குள் புகுந்தது, அது ஜிப்சமாக மாறி ஊதியது, ஊரே மேலெழும்பி 250-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் விட்டன.

இவை மூன்றும் வேறு வகைத் தொழில்நுட்பமோ தவறோ கொண்டவை, வெந்நீர் வயலில் நீராவி எடுப்பதோடு இவற்றை ஒன்றாகக் கட்டக் கூடாது. ஆனால் செய்தி படிக்கும் ஆளுக்கு எல்லாமே 'புவிவெப்பம்'தான். பேசலுக்குப் பக்கத்திலேயே ரீஹன் என்ற ஊர் 1994 முதல் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்து வெந்நீரில் அமைதியாக வீடுகளைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? விரிசல் விட்ட வீட்டுக்காரரிடம் போய், வாருங்கள் ஸ்பாவில் இலவசமாகக் குளியுங்கள் என்றால் அவர் தண்ணீரை நம் முகத்தில்தான் ஊற்றுவார்.

கென்யாவின் ஒல்காரியாவிலும் இதையே பார்க்கிறேன். ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவுக்குள், மின்நிலையத் தண்ணீரில் அழகான நீலக் குளங்கள் கட்டி ஸ்பா நடத்துகிறார்கள், படங்களில் இன்னொரு ப்ளூ லகூன் மாதிரியே இருக்கும். அதே வயலின் விரிவாக்கத்துக்காக 2014-இல் இடம் மாற்றப்பட்ட மாசாய் குடும்பங்கள், கடன் கொடுத்த உலக வங்கி வரை புகார் கொண்டுபோய், மத்தியஸ்தம் நடந்தது. ஒரே நீராவிக்கு இரண்டு முகம். குளத்தில் மிதக்கும் வெளியூர்க்காரருக்கு ஒன்று, மேய்ச்சல் நிலம் போனவருக்கு ஒன்று. சுற்றுலாப் பயணியின் சம்மதத்தைக் காட்டி ஊர்க்காரரின் சம்மதம் என்று கணக்கெழுத முடியாது.

ஐஸ்லாந்திலும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. ஹெல்லிஷெய்டி நிலையம் 300 மெகாவாட்டைத் தாண்டியது, பார்வையாளருக்குக் கண்காட்சிக் கூடமெல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2011-இல் ஒரு புதிய இடத்தில் தண்ணீரைத் திரும்பக் கீழே செலுத்த ஆரம்பித்தபோது பக்கத்து ஊரில் நில அதிர்வுகள் உணரப்பட்டன, அழுகிய முட்டை வாடையும் காற்றோடு வந்தது. மக்கள் குரல் கொடுத்தார்கள், வாயுவைப் பிரித்துப் பாறைக்குள்ளேயே கல்லாக்கிப் புதைக்கும் வேலையில் இறங்கினார்கள். பிறந்ததிலிருந்து வெந்நீரில் ஊறியவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பது எனக்குச் சந்தோஷமான செய்தி.

நண்பனிடம் இதையெல்லாம் இரண்டு மணி நேரம் கொட்டினேன். பாவம், பொறுமையாகக் கேட்டான். 2024 நவம்பரில் எரிமலைக் குழம்பு வந்து ப்ளூ லகூனின் கார் நிறுத்துமிடத்தையே மூடிவிட்டது, குளமும் மின்நிலையமும் குழம்பைத் தடுக்கக் கட்டிய கரைக்கு இந்தப் பக்கம் தப்பின என்று சொன்னபோது மட்டும், தான் கார் நிறுத்திய இடத்தைப் படத்தில் தேடிக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்.

"சரி, இவ்வளவு பேசுறியே. உன் வீட்டுப் பக்கத்துல துளை போட வந்தா சம்மதிப்பியா?"

"எந்த மாதிரித் துளைன்னு முதல்ல கேட்பேன். வெந்நீர் எடுக்கவா, பாறையை உடைக்கவா? அப்புறம், தோண்டுறதுக்கு முன்னாடி எங்க கிணத்தையும் ஊத்தையும் எத்தனை மாசம் அளந்தீங்க, அந்தக் கணக்கைக் காட்டுன்னு கேட்பேன். அதிர்வு வந்தா எந்த அளவுல நிறுத்துவீங்க, யார் நிறுத்துவாங்க? சுவர் விரிஞ்சா நான்தான் நிரூபிக்கணுமா, நீங்க நிரூபிப்பீங்களா? வர்ற சூட்டுல எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு?"

"குளம் கட்டித் தருவீங்களான்னு கேட்க மாட்டியா?"

"கேட்பேன். கடைசியா."

அவன் போனை எடுத்து, வெட்டாத பழைய படத்தைத் தேடிப் பிடித்து எனக்கு அனுப்பினான். புகைபோக்கிகள் மூன்றும் முழுசாகத் தெரிகின்றன.